பச்சைப் பிள்ளைகளின் படிப்பும் சர்க்கார் பணமும்

(கடலூரிலும் சிதம்பரத்திலும் நடைபெற்ற கூட்டங்களில் பேசியதின் தொகுப்பு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றியது. இதைக் கேட்டதும் உங்களில் சிலர், "இது வீட்டுப் பெண்டுகள் பார்த்துக்கொள்ளுகிற காரியமாயிற்றே, இதற்கு ஒரு கூட்டமா?" என்று நினைக்கக்கூடும். ஆண்பிள்ளைகள் அப்படி நினைத்துக்கொண்டிருப்பதனால்தான் இந்தக் கூட்டம் போடவேண்டியதாயிற்று.

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடவுக்குப் போகிற பெண் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள்? பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவள், கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கிறவள், இவர்களெல்லாம் எப்போது வீடு திரும்புகிறார்கள்? அந்த நேரமெல்லாம் அவர்கள் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை எங்கே இருக்கின்றது? ஒன்று, வரப்பு மேட்டில் இருக்கின்றது. அல்லது கிழவியிடம் இருக்கின்றது. அல்லது எட்டு வயது அக்காள் இடுப்பில் இருக்கின்றது. அந்த அக்காள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை என்று அர்த்தம். ஆகவே ஒரு பிள்ளைக்குப் பள்ளி இல்லாததனால் இரண்டு பிள்ளைகள் படிப்பு கெடுகின்றது. இரண்டில் ஒன்று பெரும்பாலும் பெண்ணாயிருக்கும்.

"அதற்குத்தான் சர்க்கார் பால்வாடி வைத்திருக்கின்றதே?" என்று கேட்பீர்கள். வைத்திருக்கின்றது. இல்லையென்று சொல்ல வரவில்லை. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ம் தேதி மத்திய சர்க்கார் ஆரம்பித்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1982-ம் வருஷம் எம்.ஜி.ஆர். முதல் மந்திரியாயிருந்தபோது வந்த சத்துணவுத் திட்டமும் சேர்ந்து, இன்று தமிழ்நாட்டில் 54,439 மையங்கள் இருக்கின்றன. வட இந்தியாவில் பல இடங்களில் இருக்கிற நிலைமைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கேள்வி என்னவென்றால், அந்தக் கட்டிடம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கின்றது என்பதல்ல. திறந்திருக்கிற நேரத்தில் பிள்ளைக்கு எத்தனை நிமிஷம் படிப்பு நடக்கின்றது என்பதே.

அங்கே இருப்பது ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். அந்த ஊழியர் செய்கிற வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை நிறுத்து எடை எழுதவேண்டும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சத்துமாவு கணக்குப் பார்த்துக் கொடுக்கவேண்டும். தடுப்பூசிக்கு ஆள் கூட்டவேண்டும். வீடு வீடாய்ப் போகவேண்டும். 2021 முதல் எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்றவேண்டும். சிக்னல் இல்லையென்றால் குற்றம் ஊழியர் தலையில். போதாக்குறைக்கு வாக்காளர் பட்டியல் வேலை வேறு பலருக்கு. இதற்கு நடுவில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து, பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்! மனிதப் பிறவிக்கு இது சாத்தியமா என்று கேட்கின்றேன்.

இது என் அபிப்பிராயம் மாத்திரமல்ல. கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் நம் தமிழ்நாட்டிலேயே 320 மையங்களை எடுத்துக்கொண்டு ஒரு பரீட்சை செய்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே, அரை நாள் வேலைக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். மீதி மையங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். நடந்தது என்ன? ஆள் போட்ட இடத்தில் சொல்லிக் கொடுக்கும் நேரம் இரண்டு மடங்காயிற்று. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முந்திக்கொண்டார்கள். அதோடு இன்னொன்றும் நடந்தது. பழைய ஊழியருக்குக் கை ஒழிந்ததனால் ஊட்டச்சத்து வேலை நன்றாக நடந்து, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. புதுக் கட்டிடம் கட்டவில்லை. பெரிய யந்திரம் வாங்கவில்லை. அரை நாளைக்கு ஓர் ஆள், அவ்வளவுதான்.

வழி தெரிந்திருந்தும் ஏன் எல்லா ஊரிலும் செய்யவில்லை? இங்கேதான் சட்டத்தின் தந்திரம் வருகின்றது. கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

படிப்புக்கு வயது குறித்துச் சட்டம் போடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மனுதர்மம் போட்டிருக்கின்றது. பார்ப்பனனுக்கு எட்டாவது வருஷம், க்ஷத்திரியனுக்குப் பதினொன்றாவது வருஷம், வைசியனுக்குப் பன்னிரண்டாவது வருஷம் பூணூல் போட்டுப் படிப்பு ஆரம்பிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, சூத்திரனுக்கு வயதே குறிக்காமல் விட்டுவிட்டார்கள். பெண்ணுக்கும் குறிக்கவில்லை. "உனக்குப் படிப்புக் கிடையாது" என்று வாயால் சொல்வதைவிட, வயதுப் பட்டியலில் இடம் கொடுக்காமலிருப்பது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

நம் அரசியல் சட்டம் அப்படிப்பட்டதல்ல. 1950-ல் அது அமுலுக்கு வந்தபோது 45-வது பிரிவு என்ன சொல்லிற்று? பதினான்கு வயது முடியும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்கப் பத்து வருஷத்திற்குள் முயலவேண்டும் என்று சொல்லிற்று. எந்த வயதிலிருந்து என்று கீழே கோடு போடவில்லை. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் பதினான்கு வயது வரை கல்வி உரிமையே என்று தீர்ப்புச் சொல்லிற்று. அப்புறம் 2002-ல் 86-வது திருத்தம் வந்தது. கல்வியை அடிப்படை உரிமையாக்கியாயிற்று என்று மேளம் கொட்டினார்கள். உள்ளே புகுந்து பார்த்தால், உரிமை ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும்தான். ஆறு வயதிற்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு? சர்க்கார் "முயற்சி செய்யும்." 2009-ல் போட்ட இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 11-வது பிரிவைப் பாருங்கள். மூன்று வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி கொடுக்கச் சர்க்கார் ஏற்பாடு "செய்யலாம்" என்று இருக்கின்றது. "செய்யவேண்டும்" அல்ல, "செய்யலாம்."

அதே சட்டத்தின் அடுத்த பிரிவு, 12-வது பிரிவு, இன்னும் வேடிக்கை. தனியார் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. இருந்தால், அங்கேயும் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கவேண்டும். அதற்கான பணத்தைச் சர்க்கார் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டவேண்டும். இங்கே "வேண்டும்" வந்துவிட்டது! தன் வீட்டில் பிள்ளைக்குச் சோறு போடுவது "போடலாம்," ஓட்டலில் சாப்பிட்டால் பில் கட்டுவது "கட்டவேண்டும்" என்று ஒரு குடும்பத்தலைவன் சொன்னால் அவனை என்னவென்று சொல்லுவீர்கள்? ஏழைப் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்தில் உட்காருவதை நான் ஆட்சேபிக்கவில்லை, உட்காரட்டும். ஆனால் சர்க்கார் பள்ளியில் எல்.கே.ஜி. இல்லாததனால்தான் தகப்பன் மூன்று வயதிலேயே பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்புகிறான். இரண்டு மூன்று வருஷம் அங்கே இருந்த பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு சர்க்கார் பள்ளிக்குத் திரும்பி வருமா? அப்புறம் "சர்க்கார் பள்ளியில் பிள்ளைகள் சேரவில்லை, மூடலாமா?" என்று யோசனை செய்கிறார்கள். வாசலை அடைத்துவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று சொன்னால் நியாயமா?

தமிழ்நாடு சர்க்கார் இதைச் சரிசெய்ய ஒரு முயற்சி செய்தது. 2019 ஜனவரியில், நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் 54,439-ல் 2,381 என்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அதற்கும் புது ஆசிரியர் போடவில்லை. ஆரம்பப் பள்ளியிலிருந்து ஆளை இழுத்து அங்கே போட்டார்கள். அந்த ஆசிரியர்களுக்கோ, நம்மைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று மனக்குறை. இது ஒன்றைத் தனியே கவனிக்கவேண்டும். நம் நாட்டில் எவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறாயோ அவ்வளவு நீ கீழ் உத்தியோகம் என்ற எண்ணம் இருக்கின்றதே, இதுவும் ஒரு ஜாதிப் புத்திதான். சரி, கடைசியில் என்ன ஆயிற்று? 2022 ஜூனில், ஆசிரியர்களைப் பழைய வகுப்புகளுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பழையபடி அங்கன்வாடி ஊழியரிடமே விட்டுவிடுவதென்று முடிவு வந்தது. நாலா பக்கத்திலிருந்தும் கண்டனம் கிளம்பிற்று. சில நாட்களில், வகுப்புகள் தொடரும் என்றும், தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் போடப்படுவார்கள் என்றும் சொன்னார்கள். கண்டனத்துக்குப் பலன் உண்டு என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். ஆனால் "தற்காலிகம்" என்ற வார்த்தையைப் பாருங்கள். பிள்ளையின் மூன்று வயது தற்காலிகமாக வந்து, மறுபடி ஒரு தடவை வருமா?

நிற்க, "சின்னப் பிள்ளைக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கின்றது? எல்லாம் அவனவன் தலையெழுத்துப்படி நடக்கும்" என்று பேசுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். தலையெழுத்து என்று ஒன்று உண்டு என்றே வைத்துக்கொள்வோம். எழுதுவது பிரம்மா அல்ல. எழுதப்படுகிற காலம் கருவிலும் அல்ல. மூளையின் வளர்ச்சியில் நூற்றுக்கு 85 பாகத்துக்கு மேல் ஆறு வயதிற்குள் நடந்துவிடுகின்றது என்று மத்திய சர்க்காரின் 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கையே எழுதிவைத்திருக்கின்றது. அந்தக் கொள்கையில் நாம் எதிர்க்கவேண்டியது எத்தனையோ இருக்கின்றது. அது வேறு கூட்டத்துக்கு. இதை அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த ஆறு வருஷத்தை மட்டும் "முயற்சி செய்யும்" என்ற கணக்கில் வைப்பானேன்?

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் இப்சிலாண்டி என்று ஒரு ஊர். அங்கே 1962 முதல் 1967 வரை ஏழைக் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் 123 பேரை எடுத்தார்கள். புத்தி மட்டு, பள்ளிக்கூடத்தில் தேறமாட்டார்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள். குலுக்கலாய் இரண்டு கூட்டமாகப் பிரித்து, 58 பேருக்கு மட்டும் மூன்று நான்கு வயதில், நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு, தினம் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு நடத்தினார்கள்; வாரம் ஒரு தடவை ஆசிரியரே வீட்டுக்கும் போய் வந்தார். பிறகு அந்தப் பிள்ளைகளை நாற்பது வயது வரை விடாமல் கவனித்து வந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களில் நூற்றுக்கு 77 பேர் உயர்நிலைப் பள்ளி முடித்தார்கள். போகாதவர்களில் 60 பேர். சம்பாத்தியத்திலும் அவர்களே மேல். போலீசில் பிடிபட்டதிலும் அவர்களே குறைவு. ஒரே ஊர், ஒரே நிறம், ஒரே வறுமை. தலையெழுத்து எங்கே போயிற்று? இரண்டரை மணி நேரம் அதை அழித்து எழுதிற்றா இல்லையா?

இந்தச் சிதம்பரத்தில் நின்று நேரத்தைப் பற்றிப் பேசும்போது நந்தனை நினைக்காமலிருக்க முடியவில்லை. கதையை நாம் உண்மைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கதையில் நந்தன் ஆண்டையிடம் கேட்டது என்ன? நிலம் கேட்கவில்லை, கூலி கேட்கவில்லை. சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்டான். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்றான் ஆண்டை. அதாவது, பண்ணையாளின் நேரம் பண்ணையாளுக்குச் சொந்தமில்லை. அவன் பிள்ளை நேரமும் அப்படித்தான். மாடு மேய்க்க எட்டினால் மாடு, அதற்குமுன் தம்பி தங்கை. இதே ஊரில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் அந்த நந்தன் பேரால் கல்விக் கழகம் வைத்து, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறும் படிப்பும் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர் பக்தர், அந்த விஷயத்தில் நமக்கும் அவருக்கும் பொருத்தமில்லை. ஆனாலும், நெருப்பில் இறங்கினால் மோட்சம் என்று முடிகிற கதையை எடுத்து, பள்ளிக்கூடத்தில் ஏறினால் விடுதலை என்று மாற்றி வைத்தாரே, அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வருஷம் கழித்து, 1929-ல், இங்கேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. இருபது வயதுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வந்து நூறு வருஷம் ஆகப்போகின்றது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் நடவு நடுகிறவள் பிள்ளைக்கு, மூன்று வயதில் சொல்லிக் கொடுக்கத் தனி ஆள் வேண்டும் என்று இன்றைக்கும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். உச்சியில் ஊற்றினால் அடிக்குத் தானாக இறங்கும் என்பது நம் தேசத்துக் கல்விச் சாஸ்திரம் போலிருக்கின்றது.

பள்ளிக்கூட நேரத்துக்காக நாம் சண்டை போடுவது இது முதல் தடவையல்ல. 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாயிருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். நேரத்தைக் குறைத்தால் ஜாதி தானாக வளரும் என்பதைப் பெரியார் உடனே கண்டுகொண்டு, குலக்கல்வித் திட்டம் என்று பேர் சூட்டி எதிர்த்தார், நாடே எழுந்தது, 1954-ல் காமராஜர் முதல் மந்திரியாகி அதைக் கைவிட்டார். ஆறு வயதுப் பிள்ளையின் இரண்டு மூன்று மணி நேரத்துக்காக ஒரு மந்திரிசபையே ஆட்டம் கண்டது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு மணி நேரமும் கிடையாது. அது நமக்கு உறைக்கவில்லை.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில், ஆரம்பப் பள்ளிகளுக்குப் பெண்களையே உபாத்தியாயர்களாக நியமிக்கவேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். பெண் சம்பாதிக்க வேண்டும், தன் காலில் நிற்கவேண்டும் என்பதற்காகச் செய்த தீர்மானம் அது. இன்று பால்வாடியில் எல்லாரும் பெண்கள்தான். ஆனால் சம்பளம் என்று சொல்லமாட்டார்களாம், "மதிப்பூதியம்" என்கிறார்கள். மத்திய சர்க்கார் 2018-ல் உயர்த்திக் கொடுத்தது ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதிலும் முழுப் பணம் அவர்களுடையதல்ல. நூற்றுக்கு 40 மாநிலத்தின் தலையில். தமிழ்நாடு இதற்கு மேலேயும் சேர்த்துச் சிறப்புக் கால முறைச் சம்பளம் கொடுக்கின்றது. கொடுத்தும் அவர்களைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று ஒப்புக்கொள்வதில்லை. இந்த ஊழியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லவேண்டி வந்தது. வேலை சர்க்கார் வேலை, கணக்கு சர்க்கார் கணக்கு, குற்றம் வந்தால் சர்க்கார் தண்டனை, சம்பளம் மட்டும் "மதிப்பு." பிள்ளை வளர்ப்பது தாய்மையின் தர்மம், அதற்குக் கூலி கேட்பது அசிங்கம் என்று பெண்ணை ஏய்த்து வந்த பழைய சங்கதிதான் இது.

"தாய் மடிதானே முதல் பள்ளிக்கூடம்?" என்று சில பெரியவர்கள் உருகிப் பேசுவார்கள். அந்தத் தாய் நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நிற்கும்போது மடி எங்கே இருக்கின்றது என்று அவர்களைக் கேளுங்கள். இப்படி உருகுகிறவர்கள் வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் எங்கே போகின்றது என்பதையும் விசாரியுங்கள்.

வெளிநாட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் முன்பருவப் படிப்பை மணி நேரக் கணக்கிலேயே உரிமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2010 முதல் மூன்று நான்கு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருஷத்தில் 38 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம் இலவசம். 2017 செப்டம்பரில், பெற்றோர் வேலைக்குப் போகிறவர்களானால் 30 மணி. 2025 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதக் குழந்தைக்கே அந்த 30 மணி. அதிலும் ஒரு வஞ்சகம் இருக்கின்றது. வேலையில்லாதவன் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கிடையாது. யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்குக் குறைவு. சர்க்கார் கொடுக்கிற பணம் செலவுக்குப் போதவில்லை என்று அங்கே மழலைப்பள்ளி நடத்துகிறவர்களும் கூச்சல் போடுகிறார்கள். ஆகையால் அதை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. "வாரத்துக்கு இத்தனை மணி" என்று சட்டத்தில் எழுதிவிட்டால், குறைந்தால் கேட்கலாம். "முயற்சி" என்று எழுதினால் எதைக் கேட்பது?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது கடைசிக் கேள்வி. சர்க்காரைக் கேட்பதற்கு முன்னால் நம் ஊரைப் பார்ப்போம். கும்பாபிஷேகம் என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு லட்சக்கணக்கில் வசூல் ஆகின்றது. அதே தெருவில் பால்வாடிக் கக்கூசுக்குக் கதவு இல்லை. கதவை நீங்கள் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது சர்க்கார் கடமை. பணமில்லாத ஊர் அல்ல நம்முடையது என்று சொல்ல வந்தேன். மத்திய சர்க்காரின் சங்கதி வேறு. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் கல்விப் பணம் 2,152 கோடியை நிறுத்திவைத்தார்கள். அது நம்மிடம் வரி வாங்கிய பணம். பணம் இல்லை என்பதல்ல தடை; பிள்ளையைப் பணயம் வைத்துப் பேரம் பேசுவதுதான் தடை.

விஜயதசமி விஷயம் ஒன்று பாக்கி இருக்கின்றது. அந்த நாளில் எழுத்து ஆரம்பித்தால்தான் படிப்பு வரும் என்று சொல்லி, விடுமுறை நாளில் சர்க்கார் பள்ளியைத் திறந்து வைத்துக்கூடப் பிள்ளை சேர்க்கிறார்கள். பிள்ளை சேருவது நல்லதுதான். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் நல்ல நேரம் பார்க்கிற தகப்பன், மீதி நாட்களில் எத்தனை நேரம் வகுப்பு நடக்கிறது என்று பார்ப்பதில்லையே!

ஆகவே இங்கு வந்திருக்கும் தோழர்கள் உங்கள் ஊருக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பால்வாடிக்குப் போய், மூன்றிலிருந்து ஐந்து வயது வரை எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள், வேலைக்குப் போகும் தாய் எத்தனை மணிக்கு வருகிறாள், சொல்லிக் கொடுக்கவென்று தனி ஆள் உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊழியரைப் பயமுறுத்தாமல் கேளுங்கள். அந்த அம்மாள் நம் எதிரியல்ல. கிராம சபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகின்றது. அடுத்த கூட்டத்தில் ஆண்கள் மட்டும் போகாமல் நடவுக்குப் போகிற பெண்களையும் அழைத்துக்கொண்டு போய், இரண்டு சங்கதி தீர்மானமாகப் போடுங்கள்: எங்கள் மையத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை ஒருவர் நிரந்தரச் சம்பளத்தில் வேண்டும், மையம் தாய் வேலை முடிந்து வரும் வரை திறந்திருக்க வேண்டும், அதற்கான கூடுதல் ஆளும் பணமும் சர்க்கார் கொடுக்கவேண்டும். டவுனில் இருக்கிறவர்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தாகக் கொடுங்கள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கலெக்டருக்கு ஒன்று, சட்டசபை அங்கத்தினருக்கு ஒன்று, நம் பத்திரிகைக்கு ஒன்று அனுப்பி வையுங்கள்.